கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து டாவோ கடற்கரைக்கு

தேனியில் பஸ் ஏறி வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் மலை. நடுவில் நெல்லும் வாழையும் தென்னையும் திராட்சைப் பந்தலும். 1895-இல் பென்னிகுக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து லோயர் கேம்ப்பில் இறங்குகிறது. அந்தத் தண்ணீரில்தான் எங்கள் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயல் விளைகிறது. எங்கள் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. எல்லாம் உண்டு, கடல் ஒன்றுதான் கிடையாது! கடல் பார்க்க வேண்டுமானால் குமுளி மலை ஏறி இறங்கிக் கேரளக் கரைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் ராமேஸ்வரமோ தூத்துக்குடியோ போக வேண்டும். எங்கள் அப்பத்தா எண்பது வயது வரை இருந்தார். கடலை ஒரே ஒரு தடவைதான் பார்த்தார், அதுவும் ராமேஸ்வரத்தில் முழுக்குப் போட!

அப்படிப்பட்ட ஊரிலிருந்து இன்று பெண் பிள்ளைகள் கடல் தாண்டிப் போய், கடலோர நகரங்களில் ஐந்து ஆறு வருஷம் தங்கி டாக்டருக்குப் படிக்கிறார்கள். தேனி க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது என்றாலும், இடம் கிடைப்பது லேசா? நீட் தேர்வில் கொஞ்சம் மதிப்பெண் குறைந்தால் அரசுக் கல்லூரி கைநழுவிப் போகிறது. தனியார் கல்லூரிக்கோ கோடிக் கணக்கு. அந்த நேரம் பார்த்து ஏஜெண்டு வீட்டுக்கு வருகிறார். ஜார்ஜியா, ரஷ்யா, பிலிப்பைன்ஸ் என்று படம் போட்ட புத்தகத்தைக் காட்டுகிறார்.

என் அண்ணனின் மூத்த மகள் 2021-இல் பிலிப்பைன்ஸில் டாவோ என்னும் ஊரில் சேர்ந்தாள். கொரோனா காலமானதால் முதலில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பாடம். 2022-இல்தான் நேரில் போனாள். இப்போது இளையவளும் “நானும் அக்கா மாதிரி போறேன்” என்று நிற்கிறாள். தென்னந்தோப்பை அடகு வைக்க வேண்டும். அண்ணன் என்னைக் கூப்பிட்டு, “நீதான் நாலு எழுத்துப் படிச்சவ. ஒரு தடவை போயி எல்லாத்தையும் பாத்துட்டு வா. அப்புறம் முடிவு செய்வோம்” என்றார். 2025-இலிருந்து இந்தியர்கள் சுற்றுலாவாக 14 நாள் வரை விசா எடுக்காமலே பிலிப்பைன்ஸ் போகலாம் என்று ஆகிவிட்டதால், அந்த ஆகஸ்டில் நான் கிளம்பினேன்.

மலையும் கடலும் சேர்ந்த ஊர்

கம்பத்திலிருந்து திருச்சி, திருச்சியிலிருந்து விமானத்தில் சிங்கப்பூர், அங்கிருந்து வேறு விமானத்தில் நேரே டாவோ. தலைநகர் மணிலாவைத் தொடவே வேண்டாம். விமானம் கீழே இறங்கும்போது ஜன்னல் வழியே பார்த்தேன். கண்ணுக்கெட்டிய மட்டும் வாழை! “இதென்ன, சின்னமனூருக்கே திரும்பிட்டோமா?” என்று தோன்றியது.

சும்மா சொல்லவில்லை. டாவோ வட்டாரம் பிலிப்பைன்ஸின் வாழை நாடு. எங்கள் பக்கம் ‘ஜி 9’ என்று திசு வாழை போடுகிறோமே, அந்தக் கேவண்டிஷ் இனம்தான் அங்கேயும். ஜப்பானுக்கும் சீனாவுக்கும் கொரியாவுக்கும் கப்பல் கப்பலாகப் போகிறது. வாடல் நோய்க் கவலையும் நமக்குப் போலவே அவர்களுக்கும் உண்டு. தென்னைக்கும் குறைவில்லை. மேற்கே அபோ என்னும் எரிமலை, 2,954 மீட்டர். நம் ஆனைமுடியைவிட உயரம். கிழக்கே டாவோ வளைகுடா. எதிரே சமால் தீவு. படகில் கால் மணி நேரம்.

பூமத்திய ரேகைக்கு ஏழு டிகிரி வடக்கே இருப்பதால், வருஷம் முழுக்க வெக்கையும் மழையும்தான். நம் ஊரில் சித்திரை வெயில், ஐப்பசி மழை என்று பிரித்துச் சொல்வது போல அங்கே சொல்ல முடியாது. காலையில் வெயில், மத்தியானம் சட சட என்று ஒரு மழை, சாயங்காலம் புழுக்கம். காயப் போட்ட துணி காயவே காயாது!

ஊர் கட்டுப்பாடான ஊர். பொது இடத்தில் சிகரெட் புகையைப் பார்க்க முடியவில்லை. பட்டாசு வெடிப்பதற்கும் இருபது வருஷத்துக்கு மேலாகத் தடை. அதனால் நம் பிள்ளைகளுக்குத் தீபாவளி என்றால் புதுத்துணியும் ஜாமூனும் மட்டும்தான்! நாங்கள் பஸ் என்கிற மாதிரி அங்கே ‘ஜீப்னி’. வண்ணம் பூசிய நீள வண்டி. எதிரெதிரே உட்கார வேண்டும். காசைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்தால் கை மாறிக் கை மாறி டிரைவரிடம் போய், மீதிச் சில்லறையும் அதே வழியில் ஒழுங்காக வந்து சேருகிறது. நம் டவுன் பஸ் மாதிரியே!

முருங்கைக்கு அங்கேயும் மவுசு

போன முதல் நாளே பிள்ளை என்னைச் சந்தைக்கு அழைத்துப் போனாள். “அத்தே, இங்க பாருங்க, என்னான்னு சொல்லுங்க!” என்று ஒரு கட்டுக் கீரையைத் தூக்கிக் காட்டினாள். முருங்கை! அங்கே அதற்கு ‘மலுங்காய்’ என்று பெயர். பெரும்பாலும் இலையைத்தான் சமைக்கிறார்கள். கோழி ரசம் போன்ற ‘தினோலா’விலும் போடுகிறார்கள், பச்சைப் பயறிலும் போடுகிறார்கள். பிள்ளை பெற்ற தாய்மாருக்குப் பால் ஊற முருங்கைக்கீரை கொடுக்கும் வழக்கம் அங்கேயும் இருக்கிறது என்றால் பாருங்களேன்.

கத்தரி, வெண்டை, பாகல், பூசணி, சௌசௌ, வள்ளைக்கீரை எல்லாம் கிடைக்கின்றன. புளி போட்ட ‘சினிகாங்’ என்னும் குழம்பு நம் நாக்குக்குப் பிடிக்கிறது. ‘பூத்தோ’ என்று அரிசி மாவில் ஆவியில் வேக வைத்த பலகாரம் ஒன்று. பார்த்தால் குட்டி இட்லி, வாயில் வைத்தால் இனிப்பு! வைகை அணையில் பிடிக்கிற ஜிலேபிக் கெண்டை அங்கே திலாப்பியா என்ற பெயரில் சந்தையெல்லாம் குவிந்து கிடக்கிறது. கிடைக்காதது கறிவேப்பிலைதான்.

சைவப் பிள்ளைகளுக்கு மட்டும் கொஞ்சம் சிரமம். காய்கறி என்று வாங்கினாலும் அதில் இறால் விழுதோ பன்றி இறைச்சித் துண்டோ இருக்கும். கேட்டுத்தான் வாங்க வேண்டும். கல்லூரிகளின் பக்கத்தில் இந்திய மெஸ்கள் இருக்கின்றன. சோறும் சாம்பாரும் கிடைக்கும். ஆனால் தினமும் மெஸ் சாப்பாடு அலுத்துவிடுகிறது. சமைக்கத் தெரிந்த பெண்ணுக்குத்தான் உடம்பு தேறும். என் பிள்ளை வாரத்தில் நாலு நாள் செய்வது இதுதான்.

பச்சைப் பயறு முருங்கைக்கீரை: ஒரு கப் பச்சைப் பயறை இரண்டு மணி நேரம் ஊற வைத்துக் குழைய வேக விடவும். ஒரு ஸ்பூன் எண்ணெயில் சீரகம், ஆறு பல் பூண்டு, ஒரு வெங்காயம், ஒரு தக்காளி வதக்கிப் பயறோடு சேர்க்கவும். இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரையும் உப்பும் போட்டு ஐந்து நிமிஷம் கொதித்ததும் இறக்கவும். அங்கே ‘கலமான்சி’ என்று நெல்லிக்காய் அளவில் ஒரு எலுமிச்சை இருக்கிறது. அதைப் பிழிந்துவிட்டால் போதும். சோற்றுக்கும் ஆகும், சும்மாவும் குடிக்கலாம். புரதமும் இரும்புச் சத்தும் ஒரே பாத்திரத்தில். எலுமிச்சைச் சாறு அந்த இரும்பு உடம்பில் சேர உதவும்.

அக்கா, அண்ணா என்றே கூப்பிடுகிறார்கள்

பாடமெல்லாம் ஆங்கிலத்தில். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளிகள் பேசுவது பிசாயா மொழி. அது தெரியாமல் “எங்கே வலிக்கிறது?” என்றுகூடக் கேட்க முடியாது. முதல் வருஷத்திலேயே பேசப் பழகிக்கொண்ட பிள்ளைகள்தான் பின்னால் வார்டில் நிமிர்ந்து நிற்கிறார்கள். எங்கள் பிள்ளை கடைக்காரம்மாவிடமும் வீட்டுக்காரம்மாவிடமும் பேசிப் பேசியே கற்றுக்கொண்டாளாம்.

மனுஷர்கள் நம்மவர்கள் மாதிரிதான். மூத்த பெண்ணை ‘ஆத்தே’ என்றும் மூத்த பையனை ‘குயா’ என்றும் கூப்பிடுகிறார்கள். பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெரியவர்களைக் கண்டால் அவர்கள் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொள்கிறார்கள் சின்னவர்கள். பார்த்தவுடன் கேட்கிற கேள்வி “சாப்பிட்டாச்சா?”தான். வீட்டுக்குள் போகும்போது செருப்பை வாசலில் விடுகிறார்கள். பெண்கள் டாக்டராக, நர்சாக, கடை முதலாளியாக எங்கும் இருக்கிறார்கள். பெண் பிள்ளையை விட்டுவிட்டு வரும் தாய்க்கு இதெல்லாம் எவ்வளவு ஆறுதல், சொல்லுங்கள்!

வீட்டு ஏக்கம் இல்லாமல் போகுமா? அது இருக்கிறது. ஆனால் அதற்கு நாமும் ஒரு காரணம் என்பதை அங்கேதான் கண்டேன். நம் நேரத்தைவிட அவர்கள் இரண்டரை மணி நேரம் முன்னால். நாம் சீரியல் பார்த்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, ஒன்பது மணிக்கு ஆசையாய்ப் போன் போடுகிறோம். அங்கே இரவு பதினொன்றரை! பிள்ளை தூங்காமல் நமக்காகக் காத்திருக்கிறது. காலை ஆறரைக்கு எழுந்து வார்டுக்கு ஓடுகிறது. தாய்மார்களே, சாயங்காலம் ஆறு மணிக்குப் பேசுங்கள். அங்கே எட்டரை, அவர்களுக்கும் சௌகரியம்.

கிணற்று நீச்சல் வேறு

ஞாயிற்றுக்கிழமை சமால் தீவுக்குப் போனோம். தெளிந்த தண்ணீர், அடியில் கிடக்கும் கல் தெரிகிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வாய்க்காலிலும் தோட்டத்துக் கிணற்றிலும் நீச்சல் பழகியவர்கள். அந்தத் தைரியத்தில் கடலில் குதிக்கிறார்கள். கிணறு இழுக்காது, கடல் இழுக்கும். மிதவைச் சட்டை இல்லாமல் இறங்கக் கூடாது. நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்குப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தை விட்டு விலகிப் பிறகு திரும்ப வேண்டும். பவளப் பாறையும் கடல் முள்ளெலியும் காலைக் கிழிக்கும். ரப்பர் செருப்பு அவசியம்.

பிலிப்பைன்ஸ் என்றதும் புயல் என்று பயப்படுகிறோம். டாவோ தெற்கே இருப்பதால் புயல் அபூர்வம்தான். அபூர்வமே தவிர, வராது என்றில்லை. 2012 டிசம்பரில் பொஃபா புயல் டாவோவின் கிழக்குப் பகுதிகளில் அடித்து, ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். வாழைத் தோட்டங்கள் படுத்துவிட்டன. அடிக்கடி வருவது பூகம்பம். 2019 அக்டோபரில் ஒரே மாதத்தில் பலமான அதிர்ச்சிகள் வரிசையாக வந்தன.

நான் ஊர் திரும்பி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 2025 அக்டோபர் 10-ஆம் தேதி டாவோ ஓரியண்டல் கடலோரத்தில் 7.4 அளவுக்குப் பூகம்பம். சுனாமி எச்சரிக்கை வேறு. எங்கள் வீட்டில் அன்று அடுப்பே எரியவில்லை. அரை மணி கழித்து “அத்தே, நல்லா இருக்கேன். மேஜைக்கு அடியில போயிட்டேன். இப்ப மைதானத்துல நிக்கிறோம்” என்று செய்தி வந்தது. குனிந்து, மேஜைக்கு அடியில் தலையை மறைத்து, மேஜைக் காலைப் பிடித்துக்கொள் என்பதை அங்கே அடிக்கடி பயிற்சி கொடுத்துப் பழக்குகிறார்கள். கடலோரத்தில் நிற்கும்போது பலமாக ஆடினால், அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஓட வேண்டும். வெளிநாடு அனுப்பும் பெண்ணுக்கு நாம் ஊறுகாயோடு சொல்லி அனுப்ப வேண்டிய பாடம் இது.

உடம்பைப் பற்றி இரண்டு வார்த்தை

புழுக்கத்தில் வியர்த்து, ஈரம் உலராத துணியை உடுத்துவதால் படர்தாமரை பிடிக்கிறது. பருத்தி உள்ளாடைகள் கூடுதலாகக் கொடுத்தனுப்புங்கள். இஸ்திரி போட்டு ஈரம் போக்கி உடுத்தச் சொல்லுங்கள். கடையில் கிடைக்கிற எல்லாக் களிம்பையும் பூசக் கூடாது. தோல் டாக்டரிடம் காட்ட வேண்டும். டெங்கு அங்கே பெரிய தொல்லை. கடிப்பது பகல் கொசு; ஆகவே பகலிலும் கை கால் மூடிய உடை வேண்டும். மழை வெள்ளத்தில் காலில் புண்ணோடு நடந்தால் எலிக் காய்ச்சல் வரும். கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே ரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். மஞ்சள் காமாலை ‘பி’ ஊசி மூன்று தவணை. முதல் ஊசிக்கும் மூன்றாவதற்கும் ஆறு மாதம் ஆகுமாதலால் அதை இன்னும் முன்னதாகவே ஆரம்பிக்க வேண்டும். டைபாய்டு, அம்மைத் தடுப்பூசிகளையும் டாக்டரைக் கேட்டுப் போட்டுவிடுங்கள்.

தோப்பா, படிப்பா?

ஆக, ஊர் நல்ல ஊர். சாப்பாடு ஒத்துப்போகிறது. மனுஷர்கள் தங்கமானவர்கள். அப்படியானால் இளையவளையும் அனுப்பிவிடலாமா? என் பதில் வேறு மாதிரி அமைந்தது. ஏனென்றால் கஷ்டம் இருப்பது அந்தக் கடற்கரையில் அல்ல. படித்து முடித்துத் திரும்பி வரும் வழியில்.

நம் தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பர் 18-இல் புதிய விதி போட்டது. அதன்பின் வெளிநாட்டில் சேருகிறவர்களின் மருத்துவப் படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும். அதற்கு மேல் அதே கல்லூரியில் 12 மாதம் பயிற்சி. இந்தியா வந்து இன்னொரு 12 மாதம் பயிற்சி. படித்த நாட்டில், அந்த நாட்டுக்காரருக்குச் சமமாக டாக்டர் தொழில் செய்யவும் தகுதி கிடைக்க வேண்டும். எல்லாம் பத்து வருஷத்துக்குள் முடிய வேண்டும்.

பிலிப்பைன்ஸில் என்ன முறை? முதலில் பி.எஸ். என்று ஒரு பட்டம், பிறகு என்மாட் என்னும் தேர்வு, அதன் பிறகு எம்.டி. நான்கு வருஷம். நான்கு வருஷம் என்றால் 48 மாதம். பி.எஸ். படித்த காலத்தை மருத்துவப் படிப்பில் சேர்க்க நம் ஆணையம் ஒப்பவில்லை. கணக்கில் ஆறு மாதம் இடிக்கிறது! மூத்தவள் அந்தத் தேதிக்கு முன்பே சேர்ந்தவள். இளையவளுக்கு அந்தச் சலுகை இல்லை. ஏஜெண்டு கொடுத்த வழவழப் புத்தகத்தில் கடற்கரைப் படம் எட்டு இருந்தது. 54 என்ற எண் ஓரிடத்திலும் இல்லை.

இதோடு முடியவில்லை. திரும்பி வந்தவர்கள் தகுதித் தேர்வு எழுத வேண்டும். 2002 முதல் நடக்கிறது. 300 கேள்வி, 150 சரியாக எழுதினால்தான் தேர்ச்சி. 2023, 2024 வருஷத் தேர்வுகளில் எழுதியவர்களில் மூன்றில் ஒருவர்கூடத் தேறவில்லை. தோப்பும் போய், டாக்டர் என்று போர்டு போடவும் முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எங்கள் பள்ளத்தாக்கிலும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அண்ணன் முன்னால் வைத்தேன். இளையவள் ஒரு நாள் அழுதாள். மறுநாள், “சரித்தே, இன்னொரு தடவை நீட் எழுதுறேன். கிடைக்காட்டி நர்சிங் போறேன்” என்றாள். தோப்பை அடகு வைக்கவில்லை.

பணம் கட்டுமுன் கேளுங்கள்

வெளிநாட்டுப் படிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போகிற பிள்ளை போகட்டும். ஆனால் முன்பணம் கொடுக்கும் முன்பே இந்தக் கேள்விகளுக்குக் கல்லூரியிடமிருந்தே எழுத்தில் பதில் வாங்குங்கள். ஏஜெண்டின் வாய்ப் பேச்சு போதாது.

1. மருத்துவப் படிப்பு மட்டும் எத்தனை மாதம்? முன்படிப்பைச் சேர்க்காமல் 54 மாதம் வருகிறதா?

2. அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி தருகிறார்களா?

3. அந்த நாட்டில் டாக்டராகப் பதிவு செய்ய இந்தியருக்குச் சட்டம் இடம் தருகிறதா?

4. முழுப் படிப்பும் ஆங்கிலத்திலா?

5. பிள்ளை நீட் தேறியிருக்கிறாளா? தேறாமல் போனால் திரும்பி வந்து தகுதித் தேர்வே எழுத முடியாது.

6. ஹாஸ்டல் கடலிலிருந்தும் கல்லூரியிலிருந்தும் எவ்வளவு தூரம்? பூகம்பம் வந்தால் எங்கே கூட வேண்டும்?

7. வருஷா வருஷம் மாணவர் விசாவையும் அயல்நாட்டவர் அடையாள அட்டையையும் புதுப்பிப்பது யார் பொறுப்பு?

பதில்களை எடுத்துக்கொண்டு ஆணையத்தின் விதிகளோடு ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நாள் வேலைதான். ஆறு வருஷப் படிப்புக்கும் ஒரு குடும்பத்தின் நிலத்துக்கும் அந்த ஒரு நாளைச் செலவழிக்கலாம்.